வீடு தேடி வரும் மருத்துவம் சேரிக்குள் எத்தனை அடி வருகிறது?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி வைக்கப்பட்டது. பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டிலேயே மாத்திரை, முடங்கிப் போனவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு வலி நிவாரணமும் நோய் ஆதரவுச் சேவையும், சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளப் பைகள் என்று அதன் பட்டியல் நீளமானது. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது.

இத்திட்டத்தை இழிவுபடுத்துவது என் நோக்கமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய மக்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருவது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தக் கூலியை நம்பிப் பிழைப்பவர்களுக்குத் தெரியும். இதைவிட நல்ல திட்டம் வேறு மாநிலத்தில் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கும் நான் பதில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருவேன். இப்போது என் கேள்வி ஒன்றுதான். எத்தனை பேருக்குச் சேவை போய்ச் சேர்ந்தது என்று அரசு சொல்கிறது. எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யார் சொல்வது?

சாதிச் சமூகத்தில் இந்த 'எப்படி' என்பது சின்னக் கேள்வி அல்ல. வீட்டில் கிடக்கும் ஒருவரைப் பராமரிப்பது என்றால் அவர் வீட்டுக்குள் நுழைய வேண்டும், அவர் உடம்பைத் தொட வேண்டும், அவருடைய மலத்தையும் மூத்திரத்தையும் துடைக்க வேண்டும். வீடு, உடம்பு, கழிவு ஆகிய மூன்றின் மீதும்தான் தீண்டாமை தன் சட்டத்தை எழுதி வைத்திருக்கிறது. ஆகவே வீட்டுப் பராமரிப்பின் தரத்தை அளக்கும்போது சாதியைப் பற்றிக் கேட்காத எந்த மதிப்பீடும் பாதி மதிப்பீடுதான்.

சிலமலையிலிருந்து பார்த்தால்

சிலமலை, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் ஒன்றியத்தில் இருக்கும் ஊராட்சி. மேற்கே நிமிர்ந்தால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலக்காடு. இந்த வட்டாரத்து ஊர்களிலிருந்து கருக்கலில் ஜீப் ஏறி, மெட்டு கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புவது பல தலைமுறையின் பிழைப்பு. அவர்களில் பெரும்பங்கு பெண்கள். அதிலும் நிலமில்லாத சேரிப் பெண்கள்.

ஏலச்செடியில் காய் தூரில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும்தான் எடுக்க வேண்டும். காலடியில் ஈரம், அட்டை. மருந்தடிக்கும் நாளில் மூக்கில் மருந்து நெடி. இருபது முப்பது வருசம் இப்படி வேலை பார்த்த பெண்ணின் முழங்காலும் இடுப்பும் ஐம்பதிலேயே ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் அரசுக்கு முதுமை 60இல்தான் தொடங்குகிறது. ஒன்பது மாநிலங்களின் தரவை வைத்து 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான ஆய்வு, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 3 ஆண்டுகளுக்கு மேல் குறைவு என்று காட்டியது. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. இருந்தாலும் அந்த ஆய்வு நமக்கொரு பாடம் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே வயதுக்கோடு போடுவது சமத்துவம் ஆகாது. சீக்கிரம் தேய்ந்து சீக்கிரம் சாகிறவர்களுக்கு அந்தக் கோடு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

60ஐத் தொட்டாலும் என்ன கிடைக்கிறது? தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாய். 'பாரதத்தின் பெருமை' பேசுகிறவர்கள் ஒரு கிழவியின் மாத வாழ்வுக்குப் போட்டிருக்கும் விலை இது.

தோட்ட முதலாளிக்கு இதில் பொறுப்பே இல்லையா? 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாவோடு பின்னாளில் ஏலத்தையும் சேர்த்துக்கொண்டது. தொழிலாளிக்கு மருத்துவ வசதி செய்து தருவது முதலாளியின் கடமை என்றது. ஆனால் 5 எக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் அது தோட்டம் என்றது அந்தச் சட்டம். துண்டு துண்டாகக் கிடக்கும் ஏலக்காடுகளுக்கு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று என ஜீப்பில் போய்வரும் தினக்கூலிப் பெண் எந்த முதலாளியின் தொழிலாளி? உழைப்பு கேரளத்தில், முதுமை தமிழ்நாட்டில். நடுவில் இருக்கும் எல்லைக்கோடு முதலாளிக்கு மட்டும் வசதியானது.

2024இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலை செய்யும் இடத்துக்கே போகும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நல்லது. ஆனால் போடிமெட்டுக்கு அப்பால் வேலை பார்க்கும் பெண்ணை அது எங்கே தேடும்? பகலில் தன்னார்வலர் வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கும். அல்லது படுக்கையில் கிடக்கும் கிழவி மட்டும் இருப்பாள். ஜீப் நேரத்தைத் தெரிந்துகொள்ளாத வருகை அட்டவணை, மலைக்குப் போகிற தெருவை ஒவ்வொரு முறையும் தவறவிடும்.

போடியில் ஏலக்காயைச் சல்லடை போட்டு மில்லிமீட்டர் கணக்கில் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, 7க்கு ஒரு விலை. நிறம் மங்கினால் விலை இறங்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலமே அங்கே நடக்கிறது. காய்க்கு இவ்வளவு நுட்பமாகத் தரம் பார்க்கத் தெரிந்த ஊரில், அந்தக் காயை எடுத்து இடுப்பொடிந்தவளுக்குக் கிடைக்கும் பராமரிப்பின் தரத்தைப் பார்க்க ஒரு சல்லடைகூட இல்லை.

இரண்டு வருகை, ஒரே கோடு

அரசு எதையும் அளப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். 2020இல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்ததாகச் சொன்னது. வீடு தேடிப் போகும் திட்டம் வந்ததற்கு இந்த எண்களும் ஒரு காரணம். அடுத்த சுற்றில் இரண்டும் கூடின. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் மாத்திரையின் வெற்றியை அளக்கும் கருவியால் பராமரிப்பின் வெற்றியை அளக்க முடியாது. வாசலில் நின்று மாத்திரை அட்டையை நீட்டினால் அது ஒரு வருகை. உள்ளே போய், பாயில் கிடப்பவரைப் புரட்டி, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்து, மூத்திரக் குழாயைச் சுத்தம் செய்து, மருமகளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் அதுவும் ஒரு வருகை. பதிவேட்டில் இரண்டுக்கும் ஒரே கோடு. முதல் வருகைக்கும் இரண்டாவது வருகைக்கும் நடுவில் இருப்பது ஒரு வாசற்படி. அந்த வாசற்படிதான் இந்த நாட்டில் சாதி நிற்கும் இடம்.

இது என் கற்பனை அல்ல. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த கள ஆய்வு 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்ற பொருளில் 2006இல் ஆங்கில நூலாக வந்தது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பவிஸ்கர் எழுதியது. அதன்படி 33 விழுக்காடு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் போக மறுத்தார்கள். மூன்றில் ஒரு கிராமம்! குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வு 2010இல் வந்தது. மருந்து கொடுக்கப்பட்ட தடவைகளில் பத்தில் ஒன்பதில் பாகுபாடு இருந்தது. தொடாமல் கொடுப்பது, அவசரமாக அனுப்பிவிடுவது, மரியாதையில்லாமல் பேசுவது ஆகியவை அந்தப் பாகுபாட்டின் வடிவங்கள். மருந்து கிடைத்தது, தீண்டாமையும் கூடவே கிடைத்தது. பதிவேட்டில் முதலாவது மட்டும் ஏறும்.

'அது வடநாடு, இது பெரியார் மண்' என்று உடனே சொல்வார்கள். போடி எந்த மண்? 1989இல் இந்தப் போடியில்தான் தலித்துகள் மீது சாதிக் கலவரம் பாய்ந்தது. அன்றைக்கு இளம்பெண்களாக இருந்தவர்கள்தான் இன்றைக்குக் கிழவிகள். எந்தத் தெருவுக்குள் யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள் என்பதை அவர்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சட்டத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1955இல் இயற்றப்பட்டு இன்று குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று வழங்கும் சட்டம், தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டத்தின் மனதில் இருந்த காட்சி, தலித் ஒருவர் மருத்துவமனையின் கதவைத் தட்டுவது. இன்றைக்கு மருத்துவமனை தலித்தின் கதவுக்கு வருகிறது. இப்போது 'உள்ளே வராதே' என்று யாரும் சொல்வதில்லை. வருகிறவர் உள்ளே வராமல் போய்விடுகிறார், அவ்வளவுதான். சாட்சி இல்லை, சண்டை இல்லை, வழக்கு இல்லை. படுக்கையில் கிடக்கும் கிழவி யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாள்?

'எந்தத் தெரு?'

அரசை விட்டுவிட்டுத் தனியாரிடம் போகலாமா? என் பெரியம்மா ஏலக்காட்டில் காலம் கழித்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கவனித்துக்கொண்டிருந்த மதினி மலைக்குப் போவதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரு கூலி நின்றது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து காசு போட்டு ஒரு மாதத்துக்காவது ஆள் வைக்கலாம் என்று, வீட்டுக்குச் செவிலியர் அனுப்பும் நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தேன். நோயாளியின் வயது கேட்டார்கள், எடை கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். கடைசியில் 'ஊருக்குள்ள எந்தத் தெரு?' என்றார்கள். சொன்னேன். 'பாத்துட்டுக் கூப்பிடுறோம் சார்' என்றார்கள். கூப்பிடவில்லை. கடைசியில் கைகொடுத்தது எங்கள் தெருவில் இருந்த இன்னொரு வயதான அம்மா. அவருக்கும் முழங்கால் வலி.

இந்தச் சந்தையில் சாதி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஆள் கேட்கிற வீட்டுக்காரர்கள் 'நம்ம ஆளாப் பாத்து அனுப்புங்க' என்கிறார்கள். சமையலுக்கு ஒரு சாதி, மலம் துடைக்க ஒரு சாதி என்று கூச்சமில்லாமல் பிரித்துக் கேட்கிறார்கள். நிறுவனங்கள் அதை 'வாடிக்கையாளர் விருப்பம்' என்று எழுதிக்கொள்கின்றன. இவற்றைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டா? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்யவும் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் 2019 டிசம்பரில் அதற்கு ஒரு திருத்த மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது. அது நிறைவேறாமலேயே காலாவதியானது. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை அதே டிசம்பரில் சில நாட்களில் நிறைவேற்றிய ஒன்றிய அரசுக்கு, கிழவிகளின் மசோதாவுக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆகக் கடைசியில் பராமரிப்பு முழுவதும் வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் உள்ளவர்களைக் கூலியில்லாமல் பராமரிப்பதில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 134 நிமிடம். ஆண்கள் 76 நிமிடம். நிலமும் சொத்தும் உள்ள வீட்டில் இந்த 134 நிமிடம் ஓய்வைத் தின்கிறது. ஏலக்காட்டுக் கூலி வீட்டில் அது அடுப்பைத் தின்கிறது.

துடைக்கும் கைக்கு என்ன கூலி?

தரத்தைப் பேசும்போது சேவை செய்கிறவரை மறந்துவிட்டுப் பேசினால் அது மேலதிகாரியின் பேச்சாகிவிடும். இத்திட்டத்தின் காலாக இருப்பவர்கள் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள். மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். மாதம் 4,500 ரூபாயில் தொடங்கி, பிறகு 5,500 ரூபாயானது. அதற்குப் பெயர் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 212 ரூபாய்கூட வராது. தமிழ்நாட்டில் 2024–25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலியே 319 ரூபாய். 'முழு நேர வேலை இல்லையே' என்று பதில் சொல்லலாம். வீடு வீடாக ஏறி இறங்கி, பிரஷர் பார்த்து, செயலியில் ஏற்றி, விட்டுப்போன மாத்திரைக்கு மீண்டும் நடக்கிறவரின் நேரத்தை யார் அளந்தார்கள்?

இவ்வளவு முக்கியமான வேலைக்கு ஏன் இவ்வளவு குறைந்த கூலி? பெண் செய்கிற வேலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மனிதக் கழிவைத் தொடும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அந்த வேலைக்கு மதிப்பே இல்லாமல் செய்தது பார்ப்பனியம். சாக்கடை அள்ளுகிற அருந்ததியருக்கு எந்தத் தர்க்கத்தில் கூலி குறைக்கப்படுகிறதோ, அதே தர்க்கத்தில்தான் படுக்கையில் கிடப்பவரைக் கழுவித் துடைக்கும் கைக்கும் குறைக்கப்படுகிறது. அண்ணல் அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினை என்று ஏற்க மறுத்து, அது வேலை செய்பவர்களைப் பிரித்து வைப்பது என்றார். பராமரிப்பு வேலையில் அதை நேரில் பார்க்கலாம். மருந்து எழுதுகிறவர் மேலே, மாத்திரை கொடுக்கிறவர் நடுவே, மலம் துடைக்கிறவர் கீழே. கீழே இருப்பவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

தலித் தன்னார்வலர் ஊர்த் தெருவுக்குப் போகும்போது நடப்பதும் தரத்தின் பகுதிதான். திண்ணையோடு நிறுத்தி, நோயாளியை அங்கேயே கூட்டி வந்து பிரஷர் பார்க்கச் சொன்னால், வர முடியாத நோயாளிக்கு யார் பார்ப்பது? தன் வீட்டுக் கிழவரின் சாதி கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அவருடைய படுக்கைப் புண்ணைப் பார்க்கவிடாத குடும்பம், தீண்டாமையால் தன் அப்பனுக்கே தீங்கு செய்கிறது. தீண்டாமை தலித்துகளின் பிரச்சினை மட்டும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கட்டும்.

மெட்டுக்கு அந்தப் பக்கம்

முன்னே கேட்ட கேள்விக்கு வருகிறேன். சிலமலைப் பெண்கள் கூலிக்குப் போகும் அதே கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண, நோய் ஆதரவுச் சங்கம் ஒன்று தொடங்கியது. பிறகு மலப்புறத்தில் அக்கம்பக்கத்து மக்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து நடத்தும் முறையாக அது விரிந்தது. 2008இல் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கென்றே அரசுக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலமானது கேரளம். அங்கே வீடு தேடிப் போகும் செவிலியர் ஊராட்சியின் பொறுப்பு; பணமும் ஊராட்சியின் திட்டத்தில் வருகிறது. நம் பக்கம் இது சுகாதாரத் துறையின் திட்டம். வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியர், ஓர் இயன்முறை சிகிச்சையாளர். ஓர் ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளிலும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஒரே செவிலியர் என்றால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாசற்படி தாண்டி உட்கார நேரம் எங்கே? கேரளம் சாதியில்லாத சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்த் தோட்டத் தொழிலாளரை அது நடத்திய கதை நமக்குத் தெரியும். ஆனால் ஊராட்சியின் வேலை என்றால் ஊராட்சியை நிறுத்திக் கேட்கலாம். அதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

வலியைப் பற்றியும் ஒரு சொல். புற்றுநோயின் கடைசிக் கட்ட வலிக்கு மார்பின் மாத்திரை விலை உயர்ந்த மருந்தல்ல. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது நெடுங்காலம் நோயாளிக்கு எட்டாமல் இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழி எளிதாக்கினார்கள். அந்தத் திருத்தம் மலையடிவாரத்துச் சேரி வரை வந்துவிட்டதா என்பதை, எத்தனை பேர் வலியில்லாமல் செத்தார்கள் என்ற கணக்கால்தான் அறிய முடியும். அப்படி ஒரு கணக்கு பொதுவில் வைக்கப்படுவதில்லை.

இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களை 2009 முதல் ஒரு தனி ஆணையம் சோதிக்கிறது. பாதுகாப்பானதா, பலன் தருகிறதா, பரிவோடு செய்யப்படுகிறதா, அவரவர் தேவைக்கு இசைகிறதா, நிர்வாகம் ஒழுங்கா என்ற ஐந்து கேள்விகள் கேட்டு, நான்கு நிலைகளில் தரம் போட்டு, அதைப் பொதுமக்கள் பார்க்க வெளியிடுகிறது. அங்கேயும் குறைகள் ஏராளம். ஆனால் 'பரிவு' என்பதையும் ஓர் அரசு அமைப்பு சோதிக்க முடியும் என்பதற்கு அது சான்று. நம் நாட்டில் அந்த ஐந்தோடு ஆறாவதாகச் சாதி பற்றிய கேள்வியையும் சேர்த்தாக வேண்டும்.

சேரியின் அளவுகோல்

அந்த ஆறாவது கேள்வியை எப்படிக் கேட்பது? மேதாவி வினாத்தாள் எதுவும் தேவையில்லை. படுக்கையில் கிடப்பவரிடமும் அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் இவற்றைக் கேட்டால் போதும்:

1. வந்தவர் வீட்டுக்குள் வந்தாரா, வாசலோடு போனாரா? உட்கார்ந்தாரா? தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்தாரா?

2. தொட்டுப் பார்த்தாரா? புரட்டிப் பார்த்தாரா? மாத்திரையைக் கையில் கொடுத்தாரா, வைத்துவிட்டுப் போனாரா?

3. எப்படிக் கூப்பிட்டார்? 'வாங்க, அம்மா, ஐயா' என்றா, 'ஏய், வா, போ' என்றா? எழுபது வயதுத் தலித்தை இருபது வயது ஆதிக்க சாதிக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் மருத்துவப் பையோடும் வரக் கூடாது.

4. எந்த நேரத்தில் வந்தார்? மலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நேரமா?

5. புண் ஆறியதா? வலி குறைந்ததா? ராத்திரி தூக்கம் வருகிறதா?

6. பார்த்துக்கொள்ளும் பெண்ணின் உடம்பு எப்படி என்று யாராவது கேட்டார்களா? அவர் இழக்கும் கூலிக்கு ஏதாவது கிடைத்ததா?

7. தன்னார்வலர் தலித்தாக இருந்தால், ஊர்த் தெருவில் அவர் எங்கே நிறுத்தப்பட்டார்?

கேள்வியைப் போலவே கேட்பவரும் முக்கியம். சேவை கொடுக்கிற துறையே, சேவை கொடுத்தவரைக் கூடவே வைத்துக்கொண்டு 'நல்லாப் பாத்துக்கிறாங்களா பாட்டி?' என்று கேட்டால் 'நல்லாப் பாத்துக்கிறாங்க சாமி' என்றுதான் பதில் வரும். அடுத்த மாத மாத்திரை அந்தப் பதிலில் தொங்குகிறது. ஆகவே கேட்பவர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும், சேரிப் பெண்களாக இருக்க வேண்டும். நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை நடத்திப் பழகிய மாநிலம் இது. வீட்டுப் பராமரிப்புக்கும் அதை நடத்த என்ன தடை?

கிராம சபையில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். கிராம சபை வேண்டும்; ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. ஆனால் பக்கத்து மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் அமர்வதை 1996 முதல் 2006 வரை பத்தாண்டு தடுத்தார்கள். அப்படிப்பட்ட ஊர்களின் சபையில் எழுந்து 'என் வீட்டுக்குள் வரவில்லை' என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? தணிக்கை முதலில் சேரியில் நடக்க வேண்டும். முடிவு சபையில் வாசிக்கப்பட வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். வீடு தேடிப் போகும் சேவையின் கணக்கைத் தெருவாரியாக, சாதிவாரியாக வெளியிடுங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 20 விழுக்காடு பட்டியல் சாதியினர். ஒரு கோடிப் பயனாளிகளில் அவர்கள் எத்தனை பேர், அதில் நோய் ஆதரவுச் சேவை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தீர்கள், வரவேற்றோம். சொல்லை நீக்கிய கையோடு, அந்தத் தெருவுக்குச் சேர வேண்டிய செவிலியரை அனுப்புங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென 2024இல் சட்டமே இயற்றினீர்கள்; அந்த நிதியிலிருந்து ஊராட்சிக்கு ஒரு நோய் ஆதரவுச் செவிலியரைப் போடுங்கள். தன்னார்வலர் என்ற பெயரை எடுத்துவிட்டுத் தொழிலாளி என்று எழுதி, அதற்குரிய சம்பளம் கொடுங்கள். உடலுழைப்பால் முடங்கிப் போனவருக்கு 60 வயது வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். எல்லை தாண்டி உழைத்தவர்களின் முதுமைக்கு இரண்டு மாநில அரசுகளும் ஏல முதலாளிகளும் பங்கு போட்டுப் பொறுப்பேற்க வழி செய்யுங்கள்.

நம் தோழர்களிடம் கேட்பதும் ஒன்று உண்டு. டீக்கடையில் இரட்டைக் குவளை இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்த இயக்கம் நம்முடையது. கோயில் நுழைவுக்கும் பொதுக் குழாய்க்கும் போராடியது. அந்தக் கணக்கெடுப்பில் இனிப் படுக்கையில் கிடப்பவரின் வீட்டையும் சேர்த்துக்கொள்வோம். வெளியே வர முடியாதவருக்கு நடக்கும் தீண்டாமை தெருவில் தெரியாது; நாம் உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும். சிலமலையில் தொடங்கலாம், தேவாரத்தில் தொடங்கலாம், உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். மேலே உள்ள ஏழு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு, ஜீப் திரும்பிய பிறகு, சாயங்காலம் போங்கள்.